“சோறு போடுறீங்களா, இல்லையா?”

கேள்வி: எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய்க்கு ஐந்து மாதம். ஆண், 15 கிலோ. கடையில் வாங்கும் குட்டித் தீனி மூன்று வேளை, காலையில் அரை லிட்டர் பால், தினமும் இரண்டு மூடி கால்சியம் டானிக். வேகவைத்த ஆட்டெலும்பை மாமியார் போடுவார். அப்படியும் விலா தெரிகிறது. “சோறு போடுறீங்களா, இல்லையா?” என்று தெருவில் கேட்கிறார்கள். ஒரு வாரமாக முன்னங்காலை லேசாக இழுக்கிறான். டானிக்கை மூன்று மூடியாக்கலாமா?
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: வேண்டாம். அந்த இரண்டு மூடியையும் இன்றே நிறுத்துங்கள்.

குட்டித் தீனியில் கால்சியத்தைக் கணக்குப் பார்த்தே சேர்த்திருப்பார்கள். மேற்கொண்டு போனால், வளர்ந்த நாயின் குடல் ஓரளவு வேண்டாமென்று தள்ளிவிடும். குட்டியின் குடலுக்கு அந்தச் சாமர்த்தியம் சரியாக வந்திருக்காது, உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரிய இனங்களில் இதனால் எலும்பும் மூட்டும் கெட்டுப்போகலாம். கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு கிரேட் டேன் குட்டிக்கு இப்படி டானிக் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் முன்னங்கால்கள் வில்லாக வளைந்துவிட்டன. அதை வளர்த்தவர் என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

உங்கள் குட்டி காலை இழுப்பது எங்கோ குதித்து விழுந்ததாலும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

ஒல்லி விஷயத்துக்கு வருவோம். ராஜபாளையம் வேட்டைக்கு ஓடிய சாதி. நெஞ்சு ஆழமாகவும் வயிறு ஒட்டியும்தான் இருக்கும். உருண்டையான லாப்ரடார்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பட்டினியாகத் தெரிகிறது. கையை விரித்து, புறங்கையைத் தடவிப் பாருங்கள். விலாவைத் தடவும்போது அப்படி இருந்தால் சரி. மடக்கிய முஷ்டியின் மொட்டெலும்பு போல் துருத்தினால்தான் மெலிவு. வளரும் வயதில் குண்டாக்குவது மூட்டுக்குப் பாரம்.

தீனியைப் பொறுத்தவரை, பெரிய இனக் குட்டிகளுக்கென்று போட்டிருக்கும் பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். பாலை மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாம், வயிற்றுப்போக்குதான் மிச்சம். அவித்த முட்டை ஒன்றோ, எலும்பில்லாத கோழித்துண்டு இரண்டோ கொடுக்கலாம். வெங்காயம் கலந்த குழம்பு கூடவே கூடாது, நாயின் ரத்தத்தைக் கெடுத்துவிடும். திராட்சையும் அப்படித்தான், அது சிறுநீரகத்துக்கு வினை. பாக்கெட்டே வேண்டாம், முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்றால் கதை வேறு. வெறும் கறியும் சோறும் போட்டால் கால்சியம் குறைந்துபோகும். அப்போது எவ்வளவு சேர்ப்பது என்பதை டாக்டர்தான் எடை பார்த்து எழுத வேண்டும்.

இன்னொன்று. ஆழ நெஞ்சு நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சாப்பிட்டவுடன் ஓடவிடாதீர்கள், ஒரு மணி நேரமாவது போகட்டும். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அப்புறம், மாமியார். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். ஏதாவது போட்டால்தான் அவர் மனசு ஆறும் என்றால் ஒரு கேரட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் நாள் முகர்ந்துவிட்டுப் போவான். இரண்டு நாள் கழித்துக் கடித்துப் பார்ப்பான்.