ஹைன்ரிஷ் ஹைனே: கேள்வி பதில்

கேள்வி: “புத்தகங்களை எரிக்கும் இடத்தில் கடைசியில் மனிதர்களையும் எரிப்பார்கள்” என்று ஜெர்மன் கவிஞர் ஹைனே ஹிட்லரைப் பார்த்துத்தானே சொன்னார்?

பதில்: இல்லை. ஹைனே 1856-லேயே இறந்துவிட்டார். 1823-ல் அச்சான ‘அல்மன்சோர்’ நாடகத்தில் ஹாஸன் என்ற முஸ்லிம் பேசும் வரி அது. ஸ்பெயினின் கிரனடா நகரச் சந்தையில் குர்ஆனை எரித்த செய்தி காதில் விழுந்ததும் அப்படிச் சொல்கிறான். 1933-ல் பெர்லினில் நாஜி மாணவர்கள் நூல்களைக் கொளுத்திய சதுக்கத்தில் இன்று அதே வரியைப் பதித்து வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து வரியை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள். யார் வாயில் வருகிறது என்று பாருங்கள்.

கேள்வி: காதல் கவிஞர் என்றுதான் படித்தேன். அரசியல் எங்கே வருகிறது?

பதில்: நெசவாளர் கவிதையிலிருந்து தொடங்குங்கள். 1844 ஜூனில் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் சிலேசியா மாகாணத்தில், பீட்டர்ஸ்வால்டாவ், லாங்கன்பீலாவ் ஊர்களில் கூலி போதாமல் நெசவாளர்கள் கிளர்ந்தார்கள். பிரஷ்யப் படை சுட்டதில் 11 பேர் செத்தார்கள். அடுத்த மாதமே பாரிஸில் வெளிவந்த ‘ஃபோர்வெர்ட்ஸ்’ என்ற ஜெர்மன் பத்திரிகையில் ஹைனேயின் கவிதை வந்தது.

கவிதையில் நெசவாளர்கள் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய ஜெர்மனியின் பிணத்துக்குப் போர்த்தும் கோடித் துணி நெய்கிறார்கள். ஊடையாக, அதாவது குறுக்கு நூலாக, போவது மூன்று சாபம். குளிரிலும் பசியிலும் கும்பிட்டும் காது கொடுக்காத கடவுளுக்கு ஒன்று. கடைசிக் காசையும் பிடுங்கிக்கொண்டு நாய்களைப் போலச் சுடவைத்த மன்னனுக்கு ஒன்று. பொய்யான தாய்நாட்டுக்கு ஒன்று. ‘கடவுளோடு, மன்னனுக்கும் தாய்நாட்டுக்கும்’ என்பது நெப்போலியனுக்கு எதிரான 1813 போரில் பிரஷ்யாவின் முழக்கம். அந்த மூன்றையும் அதே வரிசையில் சபிக்கிறார். “வீர் வேபன், வீர் வேபன்” (நெய்கிறோம், நெய்கிறோம்) என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தறிச் சத்தம் கேட்கும்.

கேள்வி: அப்படியானால் கம்யூனிஸ்ட்டா?

பதில்: இல்லை. கம்யூனிசச் சிந்தனையாளர் மார்க்ஸோடு 1843 கடைசியில் பாரிஸில் பழக்கமானது. நட்பு உண்டு, கட்சி கிடையாது.

கேள்வி: கம்யூனிஸ்ட்டுகளை வெறுத்தார் என்கிறார்களே?

பதில்: அதுவும் பிய்த்தெடுத்த வரிதான். 1855-ல் ‘லுடேசியா’ நூலின் முன்னுரையில், அவர்கள் ஆட்சி வந்தால் என் கவிதைத் தாளில் மளிகைக்காரர் காபித்தூளும் மூக்குப்பொடியும் பொட்டலம் கட்டுவார் என்று அஞ்சுகிறார். சரி, அப்புறம் என்ன எழுதினார் என்பதை யாரும் சொல்வதில்லை. எல்லா மனிதருக்கும் சாப்பிட உரிமை உண்டு என்பதை என்னால் மறுக்க முடியவில்லை என்கிறார். ஏழைக் கிழவிகளுக்குப் பொட்டலம் கட்டும் அந்த மளிகைக்காரரை வாழ்த்தவும் செய்கிறார்.

கேள்வி: ஹைனேயின் ‘லோரலை’ பாட்டை நாஜிகள் ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்று போட்டு அச்சிட்டார்களாமே?

பதில்: அப்படி அச்சிட்ட பக்கத்தை யாராவது காட்டியிருக்கிறார்களா? தேடிய ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: ஜெர்மன் தத்துவவாதி அடோர்னோவே அப்படி எழுதியிருக்கிறார். நாஜிகளுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?

பதில்: இல்லை. அடோர்னோ எழுதியது உண்மை, ஆனால் அதற்கு அவர் சான்று தரவில்லை. ஹாம்பர்க் பூங்காவிலிருந்த ஹைனே சிலையை 1933-ல் அகற்றினார்கள், போர்க்காலத்தில் உருக்கினார்கள். இது நடந்த குற்றம். நடந்ததைச் சொல்லவே இவ்வளவு இருக்கும்போது, நிரூபிக்க முடியாத ஒன்றைச் சேர்த்தால் எதிராளி அதை மட்டும் பிடித்துக்கொள்வான், மீதி எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும். யூதராகப் பிறந்ததற்காக ஒருவர் பெயரை அழிக்கப் பார்த்த ஆட்சியைப் பற்றிப் பேசுகிறோம். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஹைனே ஏன் கிறிஸ்தவ மதத்துக்கு மாறினார்?

பதில்: யூதருக்கு அரசு வேலை கிடையாது. 1825-ல் ஞானஸ்நானம் பெற்றார், வேலை அப்போதும் கிடைக்கவில்லை.

கேள்வி: ஹைனேயின் கவிதைகளுக்கு இசையமைப்பாளர் ஷூமன் இசையமைத்த பாடல்கள்?

பதில்: இசை தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: கம்யூனிஸ்ட்டா, இல்லையா?

பதில்: மேலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: நோயில் விழுந்தபின் அரசியலை விட்டுவிட்டாரா?

பதில்: 1848 முதல் எட்டு வருடம் பாரிஸில் மெத்தையை விட்டு எழவில்லை. ‘மெத்தைக் கல்லறை’ என்று அவரே பெயர் வைத்தார். இமை செயலிழந்ததால் விரலால் தூக்கிப் பிடித்துத்தான் படிப்பார். அந்தப் படுக்கையிலிருந்து 1851-ல் வந்த ‘ரோமான்ட்செரோ’ தொகுப்பில், விடுதலைப் போரின் காவல் முனையில் முப்பது வருடம் தனியாக நின்ற ஒரு வீரனின் கவிதை இருக்கிறது. அவன் விழும்போதும் ஆயுதம் உடையவில்லை, நெஞ்சு மட்டும்தான் உடைந்தது. அதைப் படித்துவிட்டு வாருங்கள், மேலே பேசலாம்.