தாமரையும் கலசமும் பிறையும்

கேள்வி: தாஜ்மகாலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, குவிமாடத்தின் உச்சியில் கவிழ்ந்த தாமரையும் அதன்மேல் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் உள்ளது போன்ற கலசமும் தெரிந்தன. முகலாயர் கல்லறைக்கு இவை எப்படி வந்தன?
- வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: நீங்கள் கண்டது சரியே. அந்தக் கலசத்தின் மேல் ஒரு பிறையும் உண்டு. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரு ஓடுகளால் குவிமாடம் எழுப்பும் முறையும், உயர்ந்த வளைவு வாயிலும், நான்காகப் பகுத்த தோட்டமும் பாரசீகத்திலிருந்தும் சமர்கந்திலிருந்தும் வந்தவை. 1560களில் அவற்றை டில்லியில் ஹுமாயூனின் கல்லறையில் ஒருங்கே அமைத்தவர் மீராக் மிர்சா கியாஸ் என்னும் பாரசீகக் கலைஞர். ஷாஜகான் 1632இல் தொடங்கிய தாஜ்மகாலில், பெரிய குவிமாடத்தைச் சூழ்ந்து நிற்கும் நான்கு சிறு மண்டபங்களும் தாமரையும் கலசமும் இந்த மண்ணின் மரபைச் சேர்ந்தவை.

இவை வெறும் அலங்காரமாக ஒட்டவைக்கப்பட்டவை அல்ல என்பதை உணர வேண்டுமானால், கல்லைத் தொட்ட கைகளைப் பார்க்க வேண்டும். நம் கோயில் சிற்பிகள் தூண், அதன்மேல் போதிகை எனப்படும் தாங்குகல், அதன்மேல் உத்தரம் என்று பாரத்தை நேராகக் கீழே இறக்கப் பழகியவர்கள். டில்லியில் குதுப்மினாருக்கு அருகே 1199இல் மசூதியின் முன் கற்சுவர் எழுப்பப்பட்டபோது, கட்டச் சொன்ன ஆட்சியாளர் கேட்டது வளைவு. ஆனால் கட்டியவர்கள் கற்களைப் படுக்கையாகவே அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் சற்று முன்தள்ளி வளைவின் தோற்றத்தை மட்டும் உண்டாக்கினார்கள். ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று தாங்கும் உண்மையான வளைவு அங்கே வேரூன்ற ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றன.

அக்பர் 1571இல் தொடங்கிய பதேபூர் சிக்ரி நகரில் இந்தக் கதை தலைகீழாகிறது. அங்கே வளைவு தெரிந்திருந்தும், பேரரசர் தூணையும் போதிகையையும் விரும்பி ஏற்றார். திவானே காஸ் எனப்படும் மண்டபத்தின் நடுவே ஒற்றைத் தூண் நிற்கிறது. அதன் தலையிலிருந்து 36 போதிகைகள் மலர் விரிவதுபோல் வெளியே நீண்டு ஒரு வட்ட மேடையைத் தாங்குகின்றன. தாஜ்மகாலைவிட அந்தத் தூணே என் மனத்தில் ஆழமாக நிற்கிறது.

கேள்வி: மத நல்லிணக்கத்துக்காகவே மன்னர்கள் இவ்வாறு கட்டினார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?
- ஆசிரியை, பண்டாரவளை

பதில்: அக்பரைப் பற்றி ஓரளவு சொல்லலாம், எல்லோரையும் பற்றிச் சொல்ல முடியாது. மதுரையில் 1636இல் அரண்மனை எழுப்பிய திருமலை நாயக்கர் சைவ, வைணவக் கோயில்களைப் போற்றியவர். ஆயினும் அவருடைய மண்டபத்தில் பருத்த தூண்களின் மேல் வளைவுகளும் குவிமாடங்களுமே ஆட்சி செய்கின்றன. அரச கம்பீரத்தைக் காட்டும் வடிவம் என்று அக்காலம் எதை மதித்ததோ, அதை அவர் தயங்காமல் எடுத்துக்கொண்டார்.

மாணவர்களை மதுரைக்கு அழைத்துச் செல்ல இயலாவிட்டால், பேராதனைக்கு அப்பால் உள்ள கடலாதெனிய விகாரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பாரசீகச் சாயல் கிடையாது. ஆனால் முகலாயர் வருகைக்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1344இல், கணேஸ்வராச்சாரி என்னும் தென்னிந்தியச் சிற்பி திராவிடக் கோயில் முறையில் ஒரு பௌத்த விகாரையைக் கல்லில் கட்டினார். கட்டச் செய்த தர்மகீர்த்தி தேரரின் சமயம் வேறு, கட்டியவர் கற்ற மரபு வேறு. அந்தக் கற்றூண்களின் அருகே மாணவர்களை நிறுத்தி, டில்லிச் சிற்பிகளின் கதையை அங்கே சொல்லுங்கள்.