கௌஹர் ஜான் குரல் ஏன் கீச்சென்று கேட்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய வீட்டை ஒழித்தபோது பரணில் ஒரு கிராமபோன் பிளேட்டு கிடைத்தது. லேபிளில் ஒரு தேவதை படமும் அந்தக் காலத்து இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானின் பெயரும் இருக்கின்றன. ஒரு பக்கம்தான் பாட்டு, மறுபக்கம் வெறும் தட்டு. நண்பரின் ரெக்கார்ட் பிளேயரில் 78 வேகம் (நிமிடத்துக்கு 78 சுற்று) இருந்ததால் அதில் போட்டுப் பார்த்தோம். ஒரே இரைச்சல். நடுவில் சின்னப் பெண் கீச்சிடுவதுபோல ஒரு குரல், கடைசியில் ஆங்கிலத்தில் ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்’ என்று ஒரு அறிவிப்பு. இணையத்தில் கேட்டாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. இந்தக் குரலுக்கா அவ்வளவு புகழ்? இந்தியாவில் முதன்முதலில் பதிவானது இவருடைய குரல்தானா? ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் இரைச்சல் குறையுமா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிட்டைத் தொடவே தொடாதீர்கள். அந்தக் காலத்துத் தட்டு அரக்கால் ஆனது. அரக்கு சாராயத்தில் கரையும், ஒரு முறை துடைத்தாலே பாட்டு பள்ளத்தோடு போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் கலந்து, லேபிள் நனையாமல், பள்ளம் போகும் திசையிலேயே மென்மயிர்த் தூரிகையால் தேயுங்கள். பிறகு வெறும் வடிநீரால் அலசி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். வைக்கும்போது செங்குத்தாக நிறுத்தித்தான் வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடித்தட்டு வெடித்துவிடும்.

இரைச்சலில் பெரும்பங்கு அழுக்கால் வருவதல்ல, ஊசியால் வருவது. உங்கள் நண்பரின் பிளேயரில் இருப்பது எல்.பி. ஊசியாகவே இருக்க வேண்டும். அதன் முனை 18 முதல் 25 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78 தட்டின் பள்ளம் அதைவிட மிக அகலம், அதற்கு 75 மைக்ரான் அளவில் ஊசி வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே தங்கியிருக்கும் தூளை எல்லாம் வாசிக்கிறது. பாட்டு இருப்பது சுவரில். அதோடு இந்தத் தட்டில் ஊசி பக்கவாட்டில் மட்டும்தான் ஆடும். ஊசியைத் தாங்கும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜின் இரண்டு சேனல்களையும் ஒன்றாக்கிவிட்டால் மேலும் கீழும் குதிப்பதால் வரும் இரைச்சல் தானாகவே அடங்கும்.

இனி அந்தச் சின்னப் பெண் குரலுக்கு வருவோம். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இதுதான். கௌஹர் ஜானைக் கேட்டுவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று சொல்பவர்களில் பாதிப்பேர் அவர் குரலைக் கேட்கவே இல்லை, தவறான வேகத்தைக் கேட்டிருக்கிறார்கள். 78 என்பது 1925க்குப் பிறகு நிலைபெற்ற எண். அதற்கு முன் பதிவுசெய்தவர் வைத்ததுதான் வேகம். 70ம் உண்டு, 75ம் உண்டு, 80ஐத் தாண்டியதும் உண்டு. நீளமான பாட்டு தட்டுக்குள் அடங்க வேண்டும் என்றால் வேகத்தைக் குறைப்பார்கள். 70ல் வெட்டிய தட்டை 78ல் ஓட்டினால் வேகம் 11 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. வேகம் 6 சதவீதம் ஏறினால் சுருதி அரைக் கட்டை ஏறும். ஆக ஐந்து கட்டையில் பாடியவர் ஏறக்குறைய ஆறு கட்டையில் கேட்பார். சுருதி மட்டும் ஏறினால் பரவாயில்லை, பாடியவரின் வாயும் தொண்டையும் சுருங்கியதுபோல உயிரெழுத்துகளின் நிறமே மாறிவிடும். அதனால்தான் உங்களுக்குக் குழந்தையாகக் கேட்டது. மூன்று நிமிடப் பாட்டு 2 நிமிடம் 41 விநாடியில் முடிந்துபோகும். பிர்காக்கள் என்னும் வேகமான சுர உருட்டல்கள் இயந்திரம்போல ஓடும்.

சரியான வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு உதவுவது நீங்கள் கடைசியில் கேட்ட அந்த ஆங்கில அறிவிப்பேதான். இங்கே மெழுகில் வெட்டிய பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போயின. மெழுகின்மேல் கிராஃபைட் தூவி, மின்முலாமில் செம்பு படியவைத்து அச்செடுத்து, அங்கேதான் தட்டு அடித்தார்கள். அந்த ஆலையில் இருந்தவர்களுக்கு உருதுவும் தெரியாது, வங்காளியும் தெரியாது. எந்தத் தட்டு யாருடையது என்று அவர்கள் அறியத்தான் பாடகர்கள் முடிவில் பெயர் சொன்னார்கள். இன்று நமக்கு அது வேறு விதத்தில் பயன்படுகிறது. பாட்டில் ஏமாறும் காது பேச்சில் ஏமாறாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, அந்த ஒரு வாக்கியம் வளர்ந்த பெண் இயல்பாகப் பேசுவதுபோல எப்போது ஒலிக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஹார்மோனியத்தைக் கவனியுங்கள். ஆதார சுரமான ஷட்ஜம் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்தால் இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். கணினியில் செய்வதானால் வேகத்தை மாற்றுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் வசதி குரலைக் கெடுத்துவிடும்.

வேகம் சரியான பிறகும் குரல் மெலிந்துதான் கேட்கும். அதற்குக் காரணம் குழல். அப்போது மைக் கிடையாது. பாடகர் ஒரு தகரக் குழலின் வாயருகே நின்று பாடுவார். மறுமுனையில் மெல்லிய கண்ணாடித் தகடு அதிரும், அதில் பொருத்திய ஊசி மெழுகை வெட்டும். இந்த அமைப்பில் ஒழுங்காக ஏறியது ஏறத்தாழ 200 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான். ஐந்து கட்டை ஷட்ஜமே 196 ஹெர்ட்ஸ். அப்படியென்றால் அதற்குக் கீழே உள்ள மந்தர ஸ்தாயி முழுவதும் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. தம்புராவின் கார்வை போயிற்று, தபலாவின் இடக்கைச் சத்தம் போயிற்று. மேலே ‘ஸ’ போன்ற எழுத்துகளின் உரசலும் போயிற்று. உச்ச ஸ்தாயியில் ஓங்கிப் பாடினால் ஊசி பள்ளத்தைத் தாண்டி வெட்டிவிடும், அதனால் அந்த இடங்களில் தலையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தப்பினால் மெழுகு வீண். ஒட்டுப்போட வழியில்லை, முதலிலிருந்து பாட வேண்டும்.

இந்த நெருக்கடிக்குள் கௌஹர் ஜான் செய்ததைப் பாருங்கள். 10 அங்குலத் தட்டில் மூன்று நிமிடம், 7 அங்குலத்தில் இரண்டு நிமிடம்தான். மெஹ்ஃபில் என்னும் சிறு கச்சேரியில் ஒரு மணி நேரம் விரிந்த கயால் பாட்டு அதற்குள் வர வேண்டும். அவர் விளம்பம் என்னும் மெதுவான பகுதியை விட்டுவிட்டார். பந்திஷ் என்னும் பாடலை நேரே துரிதத்தில் எடுத்து, பல்லவி அடியை உடனே நிலைநாட்டி, அதன்மேல் இரண்டு மூன்று தான்கள் (வேகமான சுர ஓட்டங்கள்), ஒரு அந்தரா (பாடலின் இரண்டாம் பகுதி), மீண்டும் பல்லவி, பெயர், முடிவு. அவருடைய சூர் மல்ஹார் தட்டில் ராகம் முதல் சில விநாடிகளிலேயே தன்னைக் காட்டிவிடுகிறது. அதுவே பைரவி ராகத்தில் தும்ரி என்னும் உணர்ச்சிப் பாடல் என்றால் வேறு கணக்கு. ஒரே சொல்லை நாலு விதமாகத் திருப்ப நேரம் வேண்டும் என்பதால் வரிகளைக் குறைத்துக்கொள்கிறார். தட்டு என்னும் வடிவத்துக்கு இலக்கணம் எழுதியவர்களில் இவர் முதன்மையானவர் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

ஆனால் முதல் குரல் இவருடையதல்ல. 1899லேயே லண்டனில் சில இந்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து குழலை வைத்தபோதும், கிளாசிக் தியேட்டரைச் சேர்ந்த சோஷிமுகி, ஃபணிபாலா என்ற இரு பெண்கள் முதலில் பாடினார்கள். கௌஹர் அதே மாதத்தில் அவர்களுக்குப் பின் வந்தவர். வந்தவர்களில் பெரிய நட்சத்திரம் அவர்தான், அதனால் ‘முதல்’ என்ற சொல் அவரிடம் போய் ஒட்டிக்கொண்டது.

அப்போது அவருக்கு 29 வயது. 1873ல் ஆசம்கரில் ஏஞ்சலினா யேவர்டாகப் பிறந்தவர். தாய் விக்டோரியா, மதம் மாறியபின் மல்கா ஜான். காசியிலிருந்து 1883ல் கல்கத்தாவுக்கு வந்தார்கள். பட்டியாலாவின் காலு உஸ்தாதிடம் பாட்டும் பிந்தாதீன் மகராஜிடம் கதக் நடனமும் கற்று, 1887ல் தர்பங்கா அரசவையில் அரங்கேறினார். பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் ஏறத்தாழ 600 தட்டுகள் என்பது வழக்கமான கணக்கு. 1910ல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் பாடினார். 1911ல் டெல்லி தர்பாரில் அலகாபாத் ஜானகி பாயோடு சேர்ந்து பாடினார். வழக்குகளிலும் நம்பியவர்களிடத்திலும் சொத்தை இழந்து, 1928 ஆகஸ்டில் மைசூர் அரண்மனை வித்வாம்சினியாகி, 1930 ஜனவரி 17 அன்று அங்கேயே காலமானார். மின்சார மைக் வைத்துப் பதிவுசெய்யும் முறை வந்தது 1925ல். அவர் பாட்டில் பெரும்பகுதி அதற்கு முன்பே குழலுக்குள் போய்விட்டது. அந்த இடைவெளியை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை.

உங்கள் தட்டு ஒருபக்கத் தட்டு, தேவதை லேபிள். பெரும்பாலும் 1908க்கு முந்தையதாக இருக்கும். அந்த ஆண்டில் கல்கத்தா சீல்டாவிலேயே தட்டு ஆலை வந்துவிட்டது, ஆகவே உங்களுடையது ஹானோவரில் அடித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். வங்கத்து அரக்கு கப்பலேறிப் போய்ப் பாட்டோடு திரும்பி வந்திருக்கிறது. லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே, மழமழப்பான வளையத்தில் சிறிய எண் பொறித்திருக்கும். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும். அதையும் லேபிளில் அச்சான எண்ணையும் எழுதி அனுப்புங்கள், ஒலிப்பதிவாளர்களின் எந்தப் பயணத்தில் பதிவானது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எல்.பி. ஊசியை அதன்மேல் வைக்க வேண்டாம்.