பேனரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

புயல், வெள்ளக் காலத்தில் கோயில், பள்ளிவாசல், தேவாலயக் குழுக்கள் செய்யும் சேவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நாகப்பட்டினம் கடற்கரையில் சுனாமி காலம் தொட்டு ஒரு பங்குத் தேவாலயத்தின் சமூகப்பணிக் குழுவில் இருந்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: வணக்கம் அம்மா. எங்கள் தெருக் கோயில் பஜனைக் குழு சார்பில், புயல் பாதித்த ஊருக்கு அனுப்பத் துணிமணி சேர்த்தோம். மண்டபமே நிறைந்துவிட்டது. லாரி பிடித்து அனுப்பிவிடலாமா? (வாசகர், கும்பகோணம்)

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களைப் பார்த்தவர்களுக்குப் பழைய துணி என்றாலே வயிற்றைப் பிசையும். எங்கெங்கிருந்தோ லாரி லாரியாக வந்தது. வாங்கி வைக்க ஆளும் இல்லை, இடமும் இல்லை. ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். பொத்தான் போன சட்டை, ஜிப் அறுந்த பேன்ட், நாகப்பட்டினத்து வெயிலில் யார் போடுவார்கள் என்று தெரியாத கம்பளி ஸ்வெட்டர். எங்கள் கடற்கரை ஜனங்கள் அதைத் தொடவில்லை. முந்தின நாள் வரை உழைத்துச் சாப்பிட்டவர்கள், இன்னொருத்தர் கட்டிக் கழித்த சேலையைக் கட்ட மனம் வருமா? அந்தக் குவியலை அள்ளி அப்புறப்படுத்துவதே தனி வேலையாகிப் போனது.

சேர்ந்ததில் புதியதை மட்டும் பிரித்தெடுங்கள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது, என்ன சைஸ், எத்தனை என்று வெளியே எழுதி ஒட்டுங்கள். பழையதை உங்கள் ஊரிலேயே விற்று அந்தக் காசில் பாய், போர்வை, உள்ளாடை, நாப்கின் வாங்குங்கள். உள்ளாடை கேட்க எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது, கொடுக்கவும் யாருக்கும் தோன்றாது. லாரி கிளம்பும் முன்பு அந்த மாவட்டத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு, அந்த ஊர் எஸ்.டி.டி. எண்ணைச் சேர்த்து 1077-ல் பேசுங்கள். அங்கே வேலை செய்யும் உள்ளூர்க் குழு ஒன்றிடமும் பேசுங்கள். எங்கள் மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2005 தொடக்கத்தில் ஓர் ஒருங்கிணைப்பு மையம் வைத்தார்கள். எந்தக் குப்பத்தில் அரிசி குவிந்து கிடக்கிறது, எங்கே அடுப்பே எரியவில்லை என்பதெல்லாம் அதன்பிறகுதான் பிடிபட்டது.

கேள்வி: அரசாங்கம் இருக்கிறது, மீட்புப் படை இருக்கிறது. இதில் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் எதற்கு? மதத்தைக் கொண்டுவராமல் இருப்பதுதானே நல்லது? (வாசகி, சென்னை)

படகு, ஹெலிகாப்டர், இழப்பீடு, வீடு கட்டித் தருவது எல்லாம் அரசாங்கத்தின் கடமை. அதை நம்மால் செய்ய முடியாது, அரசாங்கத்துக்குப் பதிலாகச் செய்யவும் கூடாது. ஆனால் முதல் இரண்டு நாள் இருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் தென் மாவட்ட வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை, உள்ளே ஏறக்குறைய 800 பேர். ஸ்டேஷனைச் சுற்றி வெள்ளம். அவர்களுக்குப் பக்கத்துப் புதுக்குடி கிராமத்து ஜனங்கள்தான் கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள். அவர்கள் ஊரும் வெள்ளத்தில்தான் இருந்தது.

அவர்களால் எப்படி முடிந்தது? கொடைவிழா நடத்துகிற ஊரில் அண்டா இருக்கும், கரண்டி இருக்கும், ஆயிரம் பேருக்கு உலை வைக்கத் தெரிந்த கை இருக்கும். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற தேக்சா இருக்கிறது. வருஷா வருஷம் ஒரு மாதம் அதே ஆட்கள் அதே அடுப்பில் பழகியிருக்கிறார்கள். எங்கள் தேவாலயப் பங்கில் இருபது முப்பது வீட்டுக்கு ‘அன்பியம்’ என்று ஒரு சிறு குழு. எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பாட்டி இருக்கிறார், எந்தப் பெண்ணுக்கு மாதம் நெருங்குகிறது என்று அந்த அன்பியத் தலைவிக்கு நோட்டைப் பார்க்காமலே தெரியும். வெள்ளம் வந்த பிறகு இதையெல்லாம் புதிதாக உண்டாக்க முடியுமா, சொல்லுங்கள்? வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசிக்குச் சோறு போடுவதை வழிபாடாகவே நினைக்கிற மண் இது, அந்தப் பழக்கத்தை ஏன் விட வேண்டும்?

மதம் குறுக்கே வருமோ என்ற உங்கள் பயம் புரிகிறது. நான் கண்டதைச் சொல்கிறேன். சுனாமியில் இறந்தவர்களைப் புதைக்க நாகூர் தர்கா தன் நிலத்தைத் திறந்துவிட்டது. இந்துவா, கிறிஸ்தவரா என்று கேட்கவில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்களில் எல்லோரும் தங்கினார்கள். முஸ்லிம் இளைஞர்கள் கோயிலுக்குள் புகுந்த சேற்றை வாரிக் கழுவிவிட்டார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் நம்பிக்கையோடு வரட்டும். அடுத்தவரைத் தன் பக்கம் இழுக்க மட்டும் வரக் கூடாது.

கேள்வி: எங்கள் சபை வாலிபர் குழு, நிவாரணப் பையில் ஒரு சின்ன ஜெபப் புத்தகமும் வைக்க விரும்புகிறது. தவறா அம்மா? (வாசகர், கோயம்புத்தூர்)

வைக்காதீர்கள் தம்பி. தினமும் பூசைக்குப் போகிறவள் சொல்கிறேன். வீடு போய், பிள்ளைக்குப் பால் இல்லாமல் நிற்கிறவரால் நீங்கள் நீட்டுகிற பையில் ஒன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் கொடுப்பது ஜெபம் ஆகாது, கட்டாயம் ஆகிவிடும். இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. உதவியைக் கொண்டு எந்த அரசியலையும் மதத்தையும் வளர்க்கக் கூடாது என்று 1994-ல் செஞ்சிலுவை இயக்கத்தோடு சேர்ந்து நிவாரண அமைப்புகள் நடத்தை விதி எழுதின. அதை எழுதியவர்களில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸும் இருந்தது, உலகத் திருச்சபைகள் மன்றமும் இருந்தது. உதவி வாங்குகிறவரே ‘எனக்காக ஜெபியுங்கள்’ என்று கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள். கேட்காதவரிடம் பேச்செடுக்காதீர்கள்.

பேனரும் போட்டோவும்கூட அப்படித்தான். இது எல்லா மதக் குழுவுக்கும் பொருந்தும். ஒரு முகாமில் அரிசிப் பையை வாங்க வந்த அம்மா, கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ‘கொஞ்சம் சிரிங்க’ என்றார் படம் எடுத்தவர். அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். கணக்குக் காட்டப் படம் வேண்டும் என்றால் மூட்டையை எடுங்கள், லாரியை எடுங்கள். மனிதரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஊர்ப் பெரியவர்கள் கொடுக்கும் பட்டியல்படி பொருள் கொடுத்தால் போதுமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

போதாது அம்மா. ஊர்ப் பஞ்சாயத்தை ஒதுக்கிவிட்டு எங்கள் கடற்கரையில் ஒரு வேலையும் நடக்காது, ஒதுக்கவும் வேண்டாம். ஆனால் பட்டியல் வழக்கமாக ஊர் வரி கட்டுகிற ஆண்களின் பெயரில் வரும். விதவை, கணவன் விட்டுப்போனவள், தனியாகக் கருவாடு விற்றுப் பிழைக்கிற பாட்டி இதில் விட்டுப்போவார்கள். அப்புறம், இழப்பைக் கணக்கெடுக்கிறவர்கள் யாருடைய படகு போனது என்றுதான் கேட்பார்கள். அந்தக் கரையில் கூலிக்கு வலை இழுத்தவர், மீன் சுமந்தவர், உப்பளத்துக்குப் போனவர் கணக்கில் வர மாட்டார். தலித் தெருவும் இருளர் குடிசையும் ஊரை விட்டுத் தள்ளி இருக்கும், லாரி மெயின் ரோட்டிலேயே காலியாகிவிடும். பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஊரின் கடைசி வீடு வரை நடந்து போய், அங்கிருக்கும் பெண்களிடம், ‘யார் பேர் விட்டுப்போச்சு?’ என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு சாப்பாட்டுப் பொட்டலம் கட்டப் போகிறது. என்ன செய்யலாம்? (வாசகி, தஞ்சாவூர்)

புளியோதரை செய்யுங்கள். தயிர் சாதமும் தேங்காய்ச் சட்னியும் வேண்டாம். சோற்றை அகலமாகக் கொட்டி ஆறவிட்ட பிறகு கட்டுங்கள், சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து மத்தியானத்துக்குள் ஊசிப்போகும். செய்த நேரத்தைப் பொட்டலத்தின் மேல் எழுதுங்கள். மூன்றாம் நாளிலிருந்து பொட்டலத்தை நிறுத்திவிட்டு அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு ஸ்டவ் கொடுங்கள். தன் கையால் ஆக்கித் தன் பிள்ளைக்குப் போடத்தான் எந்தத் தாயும் ஆசைப்படுவாள்.

கேள்வி: எத்தனை நாள் கூட இருக்க வேண்டும்? எங்கள் பிள்ளைகள் பத்து நாளில் சோர்ந்துவிடுகிறார்கள். (ஜமாஅத் பொறுப்பாளர், திருநெல்வேலி)

சோர்வது இயற்கைதான் ஐயா. இரண்டு குழுவாகப் பிரித்து மாற்றி மாற்றி அனுப்புங்கள். ஆனால் முழுதாகக் கிளம்பிவிடாதீர்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளில் தென்னையை வேரோடு சாய்த்தது. நட்ட கன்று காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அதுவரை வட்டிக்காரர் மட்டும் தவறாமல் வருவார்.

இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் செய்ய வேண்டியது அதிகமும் எழுத்து வேலை. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் எல்லாம் தண்ணீரில் போயிருக்கும். நகல் கேட்டு மனு எழுத, கூடவே தாலுகா ஆபீசுக்குப் போக, படித்த பிள்ளைகள் நான்கு பேர் போதும். வாரத்தில் ஒரு நாள், அதே கிழமை, அதே மரத்தடியில் ஒரு மேசை போட்டு உட்காரச் சொல்லுங்கள். ஒவ்வொரு மனுவையும் ஒரு நகல் எடுத்து, கொடுத்த தேதியை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.