எம்.பி.ஏ. படிப்புக்கு முன் ஒரு படி: டர்பன் வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 32. சாட்ஸ்வர்த்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். மூன்றாண்டு பி.காம். பட்டம் பெற்று, டர்பன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது உதவி மேலாளர். மேலாளர் பதவிக்கு இருமுறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. எம்.பி.ஏ. படித்தால் வழி பிறக்குமா? செலவுக்கு என் ஓய்வூதியச் சேமிப்பில் கைவைக்கலாமா என்று யோசிக்கிறேன். அப்பாவோ, கடன் தீர்ந்த வீட்டை வங்கியில் வைத்துப் பணம் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

பதில்: அன்புச் சகோதரிக்கு, எம்.பி.ஏ. உங்களுக்குப் பயன்படக்கூடும். ஆனால் அதைப் பற்றி இந்த ஆண்டு நீங்கள் முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதே உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது. படிப்புகளை நிலைவாரியாக வரிசைப்படுத்தும் நம் தென்னாப்பிரிக்காவின் தேசியத் தகுதிச் சட்டகத்தில் மூன்றாண்டு பி.காம். ஏழாம் நிலையில் இருக்கிறது, எம்.பி.ஏ. ஒன்பதாம் நிலை. முன்பெல்லாம் மூன்றாண்டுப் பட்டமும் சில ஆண்டு வேலை அனுபவமும் உள்ளவர்களை நேரடியாகச் சேர்த்துக்கொண்டார்கள். 2013-இல் அதன் உட்பிரிவான உயர்கல்வித் தகுதிச் சட்டகம் திருத்தப்பட்ட பிறகு, முதுநிலைப் படிப்புக்கு வருபவர் எட்டாம் நிலைத் தகுதி ஒன்றை, அதாவது ஆனர்ஸ் பட்டத்தையோ முதுநிலைப் பட்டயத்தையோ, கையில் வைத்திருக்க வேண்டும் என்பது பொது விதியாகிவிட்டது. அனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்க்கும் வழி ஒன்று உண்டு என்றாலும், அவ்வழியில் ஒரு சிறு பங்கினருக்கே இடம் கிடைக்கிறது. ஆகவே இப்போது உங்கள் முன் இருப்பது வணிக நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயம் படிப்பதா வேண்டாமா என்ற கேள்விதான்.

இதைக் கேட்டுப் பலர் மனம் சோர்ந்துபோகிறார்கள். ஓர் ஆண்டு வீணாகிறதே என்பார்கள். வேலையில் இருப்பவர்களுக்குப் படிப்பு பற்றி இருபது ஆண்டுகளாக ஆலோசனை சொல்லி வருபவன் என்ற முறையில், நான் இந்த விதியை ஒரு நல்வாய்ப்பாகவே கருதுகிறேன். நிதி, சந்தை, மனிதவளம், செயல்முறை மேலாண்மை என்று எம்.பி.ஏ.வில் வரும் அடிப்படைப் பாடங்களில் பெரும்பகுதியை இந்தப் பட்டயத்திலேயே தொட்டுவிடுவீர்கள். செலவும் மிகக் குறைவு. அத்தோடு நிறுத்திக்கொண்டாலும் எட்டாம் நிலைத் தகுதி உங்கள் பெயரில் நிலைத்து நிற்கும், எம்.பி.ஏ.வைப் பாதியில் விட்டால் அப்படி ஒன்றும் மிஞ்சுமென்று உறுதி கிடையாது.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கல்விக் கட்டணத்தைக் கணக்கிடுபவர்கள் இதைக் கணக்கிடுவதில்லை. நம் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய 10 மணி நேர உழைப்பு. பட்டயம் 120 கிரெடிட், எம்.பி.ஏ. 180. அப்படியானால் பட்டயத்துக்கு 1,200 மணி நேரம். ஓராண்டில் முடிப்பதென்றால் வாரத்துக்கு 23 மணி நேரம். எம்.பி.ஏ.வுக்கு 1,800 மணி நேரம். இரண்டாண்டில் முடிப்பதென்றால் வாரத்துக்குப் 17 மணி நேரத்துக்கு மேல், அதுவும் நூற்று நான்கு வாரங்களுக்கு ஒரு வாரம்கூட விடாமல். டொங்காட்டைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் வந்தபோது, அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த நாட்காட்டியைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். வகுப்பு நாட்களைச் சிவப்பிலும் ஒப்படைப்பு நாட்களை நீலத்திலும் குறித்தோம். அக்டோபர் பக்கத்தில் வெள்ளையாக மிஞ்சியவை நான்கே நாட்கள். புரட்டாசி விரதம் முடிந்த கையோடு ஆண்டு இறுதித் தேர்வுகள் தொடங்க, தீபாவளி அவற்றின் நடுவில் வந்து விழுந்திருந்தது. அவர் அன்று கையெழுத்திடாமல் வீட்டுக்குப் போய், மனைவியோடு உட்கார்ந்து பேசி, ஓராண்டு கழித்துச் சேர்ந்தார். படிப்பையும் முடித்தார். நீங்களும் பெற்றோரோடு இருப்பதால், யார் எந்த வேலையை ஏற்றுக்கொள்வது என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள். வகுப்புகளையும் தேர்வுகளையும் ஒழுங்காக முடித்தவர்கள்கூட எம்.பி.ஏ.வின் இறுதியில் வரும் ஆய்வேட்டில் சிக்கிக்கொள்வதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அங்கே வகுப்பு அட்டவணையும் உடன் படிப்பவர்களும் இருக்கமாட்டார்கள். நீங்களும் வழிகாட்டியும் மட்டுமே.

அடுத்து, இருமுறை கைநழுவிய அந்தப் பதவி. அது பட்டம் இல்லாததால் கிடைக்கவில்லை என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. மனிதவளப் பிரிவில் நேரம் கேட்டு வாங்கி, தேர்வுக் குழு எந்தக் குறையைக் கண்டது என்று நேரடியாகவே கேளுங்கள். அதோடு, நீங்கள் அடைய விரும்பும் பதவிக்கு வந்த வேலை விளம்பரங்களில் முப்பதையாவது சேகரித்து, ஒவ்வொன்றிலும் கேட்கப்பட்ட தகுதியை ஒரு தாளில் எழுதுங்கள். சரக்குத் துறையில் பல நிறுவனங்கள் சுங்க விதிகளில் தேர்ச்சியையும், விநியோகச் சங்கிலித் துறையின் தொழிற்சான்றிதழ்களையும், ஆட்களை நேரடியாக மேலாண்மை செய்த அனுபவத்தையுமே முன்வைக்கின்றன. நிதித் தலைமைப் பதவிகளுக்குப் பட்டயக் கணக்காளர் தகுதியையே கேட்பார்கள், அங்கே எம்.பி.ஏ. அதற்கு ஈடாகாது. உங்கள் தாளில் பாதிக்கு மேற்பட்ட விளம்பரங்கள் முதுநிலை மேலாண்மைத் தகுதியைக் கேட்டால் படிப்புக்கு உறுதியான காரணம் கிடைத்துவிட்டது. இல்லையென்றால், கேட்கப்படும் அந்தச் சான்றிதழைச் சில மாதங்களில், எம்.பி.ஏ.வுக்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பகுதியில் பெற்றுவிடலாம். துறை மாற நினைப்பவருக்கும், பொறியியல், மருத்துவம் போன்ற துறையிலிருந்து நிர்வாகத்துக்கு வருபவருக்கும், சொந்தத் தொழிலை விரிவாக்குபவருக்கும் எம்.பி.ஏ. தரும் பயன், ஏற்கெனவே வணிகம் படித்துவிட்டு அதே துறையில் மேலேற நினைக்கும் உங்களுக்குத் தரும் பயனைவிட அதிகம் என்பதே என் அனுபவம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கீகாரத்தை நீங்களே சரிபாருங்கள். 2004-இல் உயர்கல்வி மன்றம் நாட்டிலுள்ள எம்.பி.ஏ. படிப்புகளைப் பரிசீலித்து, பலவற்றின் அங்கீகாரத்தை நீக்கியது. படித்துக்கொண்டிருந்தவர்கள் பட்ட கவலை கொஞ்சமன்று. தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையமான சாக்வாவின் (SAQA) பதிவேட்டில் அந்தத் தகுதி எந்த நிலையில், எத்தனை கிரெடிட்டோடு இருக்கிறது என்று பாருங்கள். தனியார் நிறுவனம் என்றால் உயர்கல்வித் துறையின் பதிவுச் சான்றிதழ் எண்ணையும் கேளுங்கள்.

இனி பணம். முதலில் உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். ஊழியரின் படிப்புக்கு முதலாளி செலுத்தும் கட்டணம், படிப்பை முடிக்காவிட்டால் அதைத் திருப்பிக் கட்டுவதாக ஊழியர் எழுதிக் கொடுத்திருந்தால், அவருடைய வருமான வரிக்கு உட்படாது. அதே ஒப்பந்தத்தில், முடித்த பின் இத்தனை ஆண்டுகள் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். பதவி உயர்வு தராத இடத்தில் மேலும் மூன்றாண்டு கட்டுண்டு கிடக்க நேருமா என்பதைக் கையெழுத்துக்கு முன் எண்ணிப் பாருங்கள்.

ஓய்வூதியச் சேமிப்பைத் தொட வேண்டாம். 2024 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள, ஓய்வூதியப் பணத்தை இரண்டாகப் பிரித்து வைக்கும் இரு பானை முறையில், உங்கள் பங்களிப்பில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்குப் போகிறது. வரி ஆண்டுக்கு ஒருமுறை அதிலிருந்து எடுக்கலாம். எடுக்கும் தொகை அந்த ஆண்டின் வருமானத்தோடு சேர்த்து வரி விதிக்கப்படும். நீங்கள் 31 சதவீத வரிப்படியில் இருந்தால், 30,000 ராண்ட் எடுக்கும்போது 9,300 வரிக்கே போய்விடும், மிஞ்சுவது 20,700. அந்த முப்பதாயிரம் இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு வளர்ந்திருக்க வேண்டிய பணம்.

உங்கள் அப்பாவின் மனம் எனக்குப் புரிகிறது. நீங்கள் தினமும் போய்வரும் அதே துறைமுகத்தில், சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் கட்டடங்களில்தான் 1961-இல் இந்தியர்களுக்கென்று பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. மாணவர்கள் படகேறிப் போய்ப் படித்தார்கள். அது பின்னர் வெஸ்ட்வில்லுக்கு மாறி, 2004-இல் இன்றைய குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் பகுதியானது. பிள்ளையின் படிப்புக்கு எதையும் தரலாம் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு எங்கிருந்து வந்தது என்பதை நாம் மறக்க முடியாது. ஆனாலும், ஓய்வு பெறும் வயதில் உள்ள ஒருவர் கடனற்ற வீட்டின்மேல் மீண்டும் கடன் ஏற்றினால், உங்கள் வேலைக்கு ஏதேனும் நேர்ந்தால் போவது அவருடைய கூரை. பட்டயத்தின் கட்டணத்தைச் சம்பளத்திலிருந்து மாதத் தவணையாகக் கட்ட முடியுமா என்று பாருங்கள். பல கல்லூரிகள் அதற்கு இசைகின்றன. அப்பாவிடம் உதவி பெறத்தான் வேண்டுமென்றால், தேர்வு மாதங்களில் மாலையில் அம்மாவுக்கு வீட்டு வேலையில் கைகொடுக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு அந்த 23 மணி நேரத்தில் ஐந்தாறு அதிலேயே கிடைத்துவிடும்.