எரிமலைப் பாறை மட்டும் போதுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். இந்தப் பகுதி ஒரு காலத்தில் பிளவுப் பள்ளத்தாக்காக (நிலம் இழுபட்டுப் பிளந்து, கீழே இறங்கியதால் உண்டான பள்ளம்) இருந்ததைப் பாறைகளை வைத்து விளக்கும் ப்ராஜெக்ட் ஒன்றை மகள் பள்ளியில் கொடுக்க வேண்டும். ஹட்சன் ஓரத்துப் பாலிசேட்ஸ் பாறைச் சுவரையும் பேட்டர்சன் அருவியையும் படம் எடுத்துவிட்டோம். இரண்டும் எரிமலைப் பாறைதானே, இது போதுமா?

பதில்: போதாது. இந்தப் பாறைகள் காலத்தைச் சொல்லும். சுமார் 20 கோடி ஆண்டு. பள்ளத்தாக்கின் வடிவத்தைச் சொல்வது அவற்றோடு கிடக்கும் செந்நிறப் படிவுப் பாறைகள்தான்.

அதற்கு முன் ஒரு திருத்தம். பேட்டர்சன் பாறை தரைக்கு மேல் ஓடிய லாவா. பாலிசேட்ஸ் வெளியே வரவே இல்லை. படிவு அடுக்குகளுக்கு நடுவே புகுந்து மெல்ல ஆறி இறுகியது. இதைச் 'சில்' என்பார்கள். உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தால் பாலிசேட்ஸில் படிகங்கள் தனித்தனியாகத் தெரியும், பேட்டர்சனில் மாவு மாதிரி இருக்கும். லாவாவின் மேல்பகுதியில் வாயு வெளியேறிய குமிழித் துளைகளும் இருக்கும். இன்னும் உறுதியான சோதனை, தொட்டுக்கொண்டிருக்கும் படிவைப் பார்ப்பது. லாவா தனக்குக் கீழே இருப்பதை மட்டும் சுடும்; மேலே உள்ள மண் பிறகுதான் வந்து படிந்தது. சில் இரண்டு பக்கமும் சுட்டுக் கடினமாக்கிவிடும்.

பேட்டர்சன் பக்கத்துக் குவாரிகளில் தலையணை போல உருண்ட லாவாவும் கிடைத்திருக்கிறது. லாவா நீருக்குள் இறங்கினால்தான் அப்படி உறையும். ஆக, அங்கே அப்போது தண்ணீர் தேங்கியிருந்தது.

சரி, வடிவத்துக்கு வருவோம். இங்குள்ள அடுக்குகள் பெரும்பாலும் வடமேற்காகச் சாய்ந்திருக்கின்றன. அந்தத் திசையில்தான் ராமபோ பிளவுப்பெயர்ச்சி, அதாவது நிலம் உடைந்து நகர்ந்த கோடு, இருக்கிறது. கீல் போட்ட பலகை போல, நிலம் அந்த ஓரத்தில் அதிகமாக இறங்கியது. பெயர்ச்சிக்கு அப்பால் இருந்த மேட்டிலிருந்து உருண்டு வந்த பெரிய கற்கள் அதன் அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. பள்ளத்தாக்கின் உள்ளே போகப் போக மணல், அப்புறம் களிமண். ஓரத்துத் திரள்பாறையில் (உருண்டு வந்த கற்கள் ஒட்டி இறுகிய பாறை) பதிந்திருக்கும் கற்கள் எந்தப் பாறையிலிருந்து வந்தவை என்று பார்த்தால், அன்றைய மேடு எதனால் ஆனது என்பதும் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் இந்தத் திரள்பாறையின் படம்தான் ப்ராஜெக்டின் உயிர். 287 நெடுஞ்சாலை மாவா முதல் பூன்டன் வரை ஏறக்குறைய இந்தப் பெயர்ச்சியை ஒட்டியே போகிறது. அதில் வண்டியை நிறுத்தாதீர்கள், பக்கத்துச் சாலைகளில் தேடுங்கள்.

நேரமிருந்தால் இதே பள்ளத்தாக்கின் ஏரியில் படிந்த லாக்கடாங் என்ற படிவு அடுக்குகளையும் சேர்க்கலாம். கறுப்புக் களிப்பாறை ஆழமான ஏரியைக் குறிக்கும். அதற்கு மேல் வெடிப்பு விழுந்த சேறு வந்தால் ஏரி வற்றியிருக்கிறது. நிரம்பி வற்றும் இந்தச் சுற்று ஏறத்தாழ 20,000 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வந்திருக்கிறது. பூமியின் அச்சு தள்ளாடுவதால் மழை கூடிக் குறைந்ததன் பதிவு அது.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நாணயமோ ஸ்கேலோ வைத்து, எந்தத் திசை பார்த்து எடுத்தீர்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பாலிசேட்ஸ், பேட்டர்சன் இரண்டுமே பூங்காக்கள். கல்லை உடைக்கக் கூடாது, எடுத்து வரவும் கூடாது.