கடற்கரைக்காரர்களுக்கு டைட்டானியம் மோதிரம்: கேள்வி பதில்

ஆண்கள் அணியும் டைட்டானியம் மோதிரத்தைப் பற்றி தங்கச்சிமடம் முதல் தொண்டி வரை பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நகைப் பட்டறையில் வேலை செய்கிறவன் என்பதால் தங்கத்தோடும் வெள்ளியோடும் ஒப்பிட்டே சொல்ல முடிகிறது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து: தம்பிக்குத் திருமணம் வைத்திருக்கிறோம். தங்கம் விற்கிற விலையில், மாப்பிள்ளை மோதிரத்தை டைட்டானியத்தில் போடலாமா?

போடலாம். ஆனால் இரு வீட்டுப் பெரியவர்களும் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பவுன் மோதிரம் அவசரத்துக்கு அடகுக் கடையில் பணமாகும். டைட்டானியத்தை எந்த அடகுக் கடையும் வாங்காது, பழையதைக் கொடுத்துப் புதியது மாற்றவும் முடியாது. ஆகவே அதைச் சேமிப்பாக எண்ணாமல், தினமும் கையில் கிடக்கும் பொருளாக மட்டும் எண்ணி வாங்குங்கள். எடையும் பலரை ஏமாற்றுகிறது. ஒரு கன சென்டிமீட்டர் டைட்டானியம் ஏறத்தாழ 4.5 கிராம்தான் இருக்கும். 22 காரட் தங்கமோ 17 கிராமுக்கு மேல் இருக்கும். எட்டு கிராம் தங்க மோதிரத்தை அதே அளவில் டைட்டானியத்தில் செய்தால் இரண்டு கிராம்தான் வரும். கையில் வாங்கிப் பார்க்கும் மாமனார் இதைப் போலி என்று நினைத்துவிடாதபடி, முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

பாம்பனிலிருந்து: விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். ஸ்டீல் மோதிரம் வாங்கி ஆறே மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடித்துவிட்டது. டைட்டானியமும் அப்படி ஆகுமா?

ஆகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பாற்றும் மெல்லிய படலத்தை உப்பிலுள்ள குளோரைடு ஆங்காங்கே துளைத்துவிடுவதால்தான் அந்தப் புள்ளிகள் விழுகின்றன. மாலிப்டினம் கலந்த 316 வகை ஸ்டீல், சாதாரண 304 வகையைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்றாலும் முழுமையாகத் தாங்காது. டைட்டானியத்தின் மேல் காற்றுப் பட்ட உடனே உருவாகும் ஆக்சைடு படலம், கீறல் விழுந்தாலும் தானே மீண்டும் மூடிக்கொள்கிறது. நாம் அணிகிற வெப்பநிலையில் கடல்நீர் அதை எதுவும் செய்வதில்லை. கடல்நீரால் குளிர்விக்கும் மின்நிலையங்களில் நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சர் குழாய்களுக்கு இந்த உலோகத்தைப் பயன்படுத்துவதற்கும் இதுவே காரணம்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. படகில் ஏறும்போது எந்த மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். வலையிழுக்கும் வின்ச் இயந்திரத்தில் ஓடும் கயிறோ, இழுபடும் வலையோ, படகின் விளிம்பில் இருக்கும் கொக்கியோ மோதிரத்தில் மாட்டினால், ஒரே இழுப்பில் விரலின் தோலும் சதையும் எலும்பிலிருந்து உரிந்து வந்துவிடும். மெல்லிய தங்க மோதிரமாவது சில சமயம் நெளிந்தோ அறுந்தோ போகும். டைட்டானியம் வளைந்து கொடுக்காது. வெறும் விரலோடு கடலுக்குப் போக விருப்பமில்லை என்றால், இழுத்தால் அறுந்துவிடும் சிலிக்கான் ரப்பர் மோதிரம் ஒன்றை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மோதிரம் வீட்டில் இருக்கட்டும்.

கீழக்கரையிலிருந்து: எங்களில் ஆண்கள் தங்கம் அணிவதில்லை. தங்க நிறத்தில் வரும் டைட்டானியம் மோதிரத்தில் தங்கம் கலந்திருக்குமா?

அந்த நிறம் இரண்டு வழிகளில் வருகிறது. டைட்டானியம் நைட்ரைடு என்னும் பூச்சுக்கு இயல்பாகவே பொன்னிறம் உண்டு. அதில் தங்கம் துளியும் இல்லை. வேறு சில மோதிரங்களில் உண்மையான தங்க முலாம் பூசியிருப்பார்கள், அல்லது நடுவில் ஒரு கோடாகத் தங்கம் பதித்திருப்பார்கள். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால், பூச்சு எது என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பூச்சே இல்லாத சாம்பல் நிற மோதிரத்தை எடுத்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. என் விருப்பமும் அதுதான். மார்க்க ரீதியான முடிவை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே முறை.

ராமநாதபுரத்திலிருந்து: டைட்டானியம் என்று சொல்லி ஸ்டீலைக் கொடுத்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஹால்மார்க் உண்டா?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் தங்கத்துக்கும் வெள்ளிக்கும்தான், டைட்டானியத்துக்குக் கிடையாது. காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். நகைக்குப் பயன்படும் நல்ல ஸ்டீலும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை போதாது. நம்பத்தக்கது எடைச் சோதனை. நூற்றில் ஒரு கிராம் காட்டும் தராசுள்ள எந்தப் பட்டறையிலும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

முதலில் மோதிரத்தை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு சிறிய தம்ளரில் தண்ணீர் வைத்து, தராசு காட்டும் எண்ணைப் பூச்சியமாக்குங்கள். மோதிரத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். உள்வளைவில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் நூலை லேசாகத் தட்டி விலக்குங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதலில் குறித்த எடையை வகுக்க வேண்டும். விடை நான்கரைக்கு அருகில் வந்தால் அது டைட்டானியம். எட்டுக்கு அருகில் வந்தால் ஸ்டீல். பதினைந்து வந்தால் டங்ஸ்டன் கார்பைடு. அது கடினமானது, ஆனால் கல் தரையில் விழுந்தால் உடையக்கூடியது.

பில்லில் கிரேடையும் எழுதச் சொல்லுங்கள். கிரேடு 2 என்பது கலப்பில்லாத டைட்டானியம். கிரேடு 5 என்பதில் 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்திருக்கும். விமானப் பாகங்களுக்குப் பயன்படுவதால் அந்தப் பெயரைச் சொல்லி விற்பார்கள். இரண்டுமே மோதிரத்துக்கு ஏற்றவைதான், கிரேடு 5 கூடுதல் கடினம்.

தொண்டியிலிருந்து: துபாயில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்புகிறார், விரல் அளவு கேட்கிறார். நூலால் அளந்து சொன்னால் போதுமா?

போதாது, தம்பி. மற்ற எல்லாவற்றையும்விட அளவில்தான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள். தங்க மோதிரம் இறுகினால் ஆசாரியிடம் கொடுத்து வெட்டி, துண்டு வைத்துப் பற்றவைத்துப் பெரிதாக்கிவிடலாம். டைட்டானியம் 1,668 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அதற்கு முன்பே, சூடேறும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மையடைந்துவிடும். நம் ஊர்ப் பட்டறையின் ஊதுகுழல் நெருப்பில் அதை ஒட்ட முடியாது. கடைசல் இயந்திரத்தில் உள்பக்கத்தைக் கடைந்து ஒரு நூலளவு தளர்த்தலாம், அவ்வளவுதான். சிறிதாக்க வழியே இல்லை.

நூல் இழுபடும் என்பதால் அளவு பிசகும். நகைக் கடையில் வளையங்கள் கோத்த அளவுக் கொத்து இருக்கும். அதில் பொருந்தும் வளையத்தின் உள்விட்டத்தை வெர்னியர் காலிபரில் அளந்து மில்லிமீட்டரில் சொல்லுங்கள். நாட்டுக்கு நாடு அளவு எண் மாறும், மில்லிமீட்டர் மாறாது. கடைக்குப் போக வழியில்லை என்றால் காகிதப் பட்டையைச் சுற்றி அளந்து 3.14 ஆல் வகுக்கலாம்: சுற்றளவு 63 மில்லிமீட்டர் என்றால் உள்விட்டம் சுமார் 20. ஆனால் ஒரே தடவை அளந்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நம் கடற்கரை வெயிலில் மதியத்தில் விரல் வீங்கும். கடலில் குளித்து எழுந்தால் சுருங்கும். காலை, மதியம், குளித்த பிறகு என மூன்று பொழுதிலும் அளந்து, விரல் மூட்டைச் சிறிது அழுத்தத்தோடு கடந்து, கையை உதறினாலும் நழுவாத அளவைத் தேர்ந்தெடுங்கள். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முழுகும்போது மோதிரத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் மதிய வீக்கத்துக்கு அளவு கொடுத்தவர்களே.

அகலமும் கணக்கில் வர வேண்டும். 4 மில்லிமீட்டர் அகலத்தில் சரியாக இருக்கும் உள்விட்டம், 8 மில்லிமீட்டர் பட்டையில் இறுக்கமாகத் தெரியும். உள்பக்கம் குவிந்து உருண்டிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்; மூட்டைத் தாண்டுவது சுலபம், வியர்வையும் தேங்காது.

மண்டபத்திலிருந்து: விரல் வீங்கிவிட்டால் ஆஸ்பத்திரியில் வெட்டவே முடியாதாமே?

வெட்ட முடியும். கையால் சுற்றும் சாதாரண மோதிர வெட்டி கிரேடு 5-இல் திணறும். மின்சாரத்தில் சுழலும் வைரத் தட்டு வேண்டும், விரல் சுடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்ட வேண்டும். ஓரிடத்தில் வெட்டினால் விரித்து எடுக்க வராது, எதிர்ப்பக்கத்திலும் வெட்ட வேண்டியிருக்கும். விரல் கறுத்து மரத்துப்போகிறது என்றால் வீட்டில் நேரத்தை வீணாக்காமல் உடனே கிளம்புங்கள், மோதிரம் டைட்டானியம் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.

ஏர்வாடியிலிருந்து: என் கணவருக்கு எந்த மோதிரம் போட்டாலும் விரல் அரித்துச் சிவக்கிறது. டைட்டானியம் ஒத்துக்கொள்ளுமா?

அம்மா, நிக்கல் ஒவ்வாமை என்றால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன இரண்டு கிரேடுகளிலும் நிக்கலைச் சேர்ப்பதில்லை. ஆனால் மோதிரத்துக்கு அடியில் சோப்பும் உப்புநீரும் தேங்கினாலும் இதே அரிப்பு வரும், அதற்கு உலோகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வாரம் இரவில் கழற்றி விரலை உலர வைத்துப் பாருங்கள். அப்போதும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டிய பிறகு வாங்குங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: முத்தோ பவளமோ பதிக்கலாமா?

நம் பட்டறைகளில் முடியாது. தங்கத்தைப் போல இதன் பிடியை மடக்கிக் கல்லைக் கட்ட இயலாது. ராசிக்கல் அணிய விரும்பினால் வெள்ளியிலோ தங்கத்திலோ செய்துகொள்ளுங்கள். சிப்பித் துண்டும் மரமும் பதித்து வரும் மோதிரங்களைக் கடலில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வதில்லை. உப்புநீரில் ஊற ஊற பசை விட்டுவிடும்.

வாலிநோக்கத்திலிருந்து: உப்பளத்தில் வேலை. நீல நிறம் அழகாக இருக்கிறது, நிற்குமா?

நீலமும் ஊதாவும் சாயம் அல்ல. மின்சாரம் செலுத்தி ஆக்சைடு படலத்தைத் தடிக்கச் செய்வதால், ஒளி பட்டு வரும் நிறங்கள் அவை. படலம் மிக மெல்லியது. உப்பும் மணலும் வாரும் கையில் ஓரங்களில் முதலில் தேய்ந்து சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். டைட்டானியம் துருப்பிடிக்காதே தவிர கீறல் விழும்; மணல் அதைவிடக் கடினமானது. உங்கள் வேலைக்கு நிறம் ஏற்றாத, பளபளப்பில்லாத, கோடிட்ட மெருகுள்ள மோதிரமே பொருத்தம். கீறல்கள் அந்தக் கோடுகளோடு சேர்ந்துவிடும். மங்கினால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் ஒரே திசையில் இழுத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.